மேகம் பார்க்க வந்தவர்

வைப்பர் மணிமாறனின் கையோடு வந்துவிட்டது.

கண்ணாடியைத் துடைப்பதற்காக அதை லேசாகத் தூக்கினான். அவ்வளவுதான். முசஃபா வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்த ரப்பர் அப்பளம்போல நொறுங்கி பானெட்டின்மேல் உதிர்ந்தது. மிச்சமிருந்த கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தயாபரனிடம் வந்தான்.

"தயா, கோவிச்சுக்காத. டிரைவர் பக்கத்து வைப்பர் போச்சு."

"மெல்லக் கதை. அவர் உள்ளுக்கை இருக்கிறார்."

இருவரும் ஒரே நேரத்தில் வண்டியைப் பார்த்தார்கள். முன் இருக்கையில் அரியரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு குடை, குடைக்குமேல் இரண்டு கைகள். வைப்பர் நொறுங்கியதை அவர் முழுவதுமாகப் பார்த்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மழையைத் துரத்திப் போகிற வண்டியில் வைப்பர் இல்லை. அதுவும் இன்றைக்குப் பார்த்து.

தயாபரன் சுன்னாகத்துக்காரன். வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையின் ஓர் இரும்புப் பட்டறையில் வரைபடம் போடுகிற வேலை. ஜன்னல் இல்லாத கன்டெய்னர் ஆபீசில் உத்தரங்களையும் போல்ட் ஓட்டைகளையும் வரைந்து வரைந்து, எப்படியோ அவனுக்கு வானத்தின்மேல் பித்துப் பிடித்துவிட்டது. லீவு நாட்களில் இடிமேகம் எங்கே எழும்புகிறது என்று பார்த்து அதன் பின்னால் போவான். படம் எடுப்பான். எந்த ரோட்டில் தண்ணீர் நிற்கும் என்று தன் பேஸ்புக் பக்கத்தில் எழுதி ஆட்களை எச்சரிப்பான். மணிமாறன் புதுக்கோட்டைக்காரன், ஏசி மெக்கானிக், அவனுடைய அறைத்தோழன். இந்தப் பித்துக்கு வண்டியும் கொடுத்து, டிரைவராகவும் வருகிறவன்.

இத்தனை வருடத்தில் தயாபரன் பார்க்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. சூப்பர்செல். சாதாரண இடிமேகம் பெய்து ஓய்ந்துவிடும். இது அப்படியல்ல. உடம்பு முழுவதும் பம்பரம்போலச் சுழன்றுகொண்டு, கலையாமல், மணிக்கணக்கில் ஊர் ஊராக நடந்து போகும். வளைகுடாவில் அது வருவதே அபூர்வம். வந்த ஒன்றிரண்டு தடவையும் அவன் போய்ச் சேர்ந்தபோது ஈர ரோடுதான் மிச்சம் இருந்தது.

இன்றைக்கு அது வரலாம் என்று எல்லாக் கணிப்புகளும் சொல்லியிருந்தன. இன்றைக்குத்தான் அரியரத்தினமும் வந்திருந்தார்.

துபாயில் ஒரு வானிலைக் கம்பெனி. கப்பல்களுக்கும் கட்டட வேலைக்காரர்களுக்கும் காற்றும் மழையும் முன்கூட்டிச் சொல்கிறவர்கள். வெளியில் போய்ப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றதும் தயாபரன் விண்ணப்பித்திருந்தான். நேர்காணலும் நடந்தது. முடிவில், "எங்கள் ஆள் ஒருவர் ஒருநாள் உங்களோடு வந்து பார்ப்பார்" என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரமே போனில் ஒரு செய்தி. அரியரத்தினம் என்று பெயர், முசஃபாவை அடுத்த ஷாபியாவில் இருக்கிறாராம், அடுத்த முறை மழை பார்க்கப் போகும்போது தானும் வரலாமோ என்று கேட்டிருந்தார். எத்தனை பேர் போவீர்கள், வண்டியை யார் ஓட்டுவது, வேகமாக ஓட்டுவாரோ, பொழுதுபடுவதற்குள் திரும்பிவிடுவீர்களோ என்றும் கேட்டிருந்தார்.

"இதுல என்ன சந்தேகம்? இவர்தான் அந்த ஆளு," என்றான் மணிமாறன். "சும்மா மழை பாக்க வர்றவன் இவ்வளவு கேள்வி கேப்பானா?"

தயாபரனுக்கும் அப்படித்தான் பட்டது. நேரடியாகக் கேட்பது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டான். ஜன்னல் இல்லாத கன்டெய்னரிலிருந்து வெளியேறுவதற்கு ஒரே ஒரு கதவு, அது இன்றைக்கு மடியில் குடையோடு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

அடுத்த தெருவில் கலீலுர் ரஹ்மானின் கராஜ். கீழக்கரைக்காரர், ஞாயிற்றுக்கிழமையும் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருப்பார்.

"ஒங்க வண்டி அளவுக்கு இல்லையே தம்பி," என்று மூலையில் துழாவினார். "ஒரு வேன்ல கழட்டுனது கெடக்கு. கொஞ்சம் நீளம். மாட்டிப் பாப்பமா?"

மாட்டினார்கள். கொஞ்சம் இல்லை, நன்றாகவே நீளம். ஸ்விட்சைத் தட்டியதும் அது ஒரு பெரிய வீச்சு வீசி, பக்கத்து வைப்பரை அடித்தது. இரண்டும் கொம்பு மாட்டிக்கொண்ட கிடாக்கள்போலக் கண்ணாடியின் நடுவில் நின்றன. உள்ளே மோட்டார் முனகியது.

"அப்ப அந்தச் சின்னதைக் கழட்டிருவோம்," என்றான் மணிமாறன். "ஓட்டுறவன் பக்கம் தெரிஞ்சாப் போதாது?"

கழற்றும்போது சின்னது ஒடிந்தது. இனி நினைத்தாலும் திருப்பி மாட்ட முடியாது.

அரியரத்தினம் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு பின்சீட்டில் வந்து உட்கார்ந்த தயாபரனைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, மழை பெய்தா என்ர பக்கம் ஒண்டும் தெரியாதோ?"

"பக்கத்துக் கண்ணாடியாலை பாக்கலாம் ஐயா."

சொன்ன பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட பதில் என்று தயாபரனுக்கு உறைத்தது. அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

அல் ஐன் ரோட்டில் ஏறும்போது வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தயாபரன் போனில் ரேடார் படத்தைப் பார்த்தான். காலையில் எழும்பிய முதல் மேகம் அவர்கள் கராஜில் நின்ற நேரத்திலேயே வழியிலுள்ள கஸ்னாவைக் கடந்து, அந்தப் பக்கம் போய்க் கலைந்துகொண்டிருந்தது. வைப்பர் தேடிய நேரம் ஒரு மழையைத் தின்றுவிட்டது.

"போனது போகட்டும் ஐயா. தெற்கை இன்னொண்டு எழும்புது. அதுதான் பெரிசு. இண்டைக்கு உங்களுக்கு ஆலங்கட்டி காட்டுறன்."

"அவசரமில்லைத் தம்பி. நான் பாக்கவேண்டியதைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

மணிமாறன் கண்ணாடி வழியாகத் தயாபரனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கேட்டியா, என்று அந்தப் புருவம் சொன்னது.

இழந்த நேரத்தைப் பிடிப்பதற்காகக் குறுக்குவழி சொன்னது தயாபரன்தான். ஒட்டகப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு மண் ரோடு, தள்ளிப் போய் மறுபடி அல் ஐன் ரோட்டிலேயே ஏறும். போன வருடம் அதில் போயிருக்கிறான். போன வருடத்துக்குப் பிறகு காற்று அந்த ரோட்டின்மேல் ஒரு மணல் மேட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தது. வளைவு திரும்பியதும் வண்டி அதற்குள் மெத்தையில் உட்காருவதுபோல உட்கார்ந்தது.

மணிமாறன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது.

மூவரும் இறங்கினார்கள். அரியரத்தினம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார். பாலைவனத்தின் நடுவில் கறுப்புக் குடை, அதன் கீழே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"தம்பி, இப்பிடி முதலும் நடந்திருக்கோ?"

பொய் சொல்லலாம் என்று தயாபரனுக்கு ஒரு கணம் தோன்றியது. "கனதரம் நடந்திருக்கு ஐயா," என்றான். "நான்தான் வழி சொன்னனான். மணியிலை பிழை இல்லை."

டயர்களில் காற்றை இறக்கினார்கள். கையால் மணலை வாரினார்கள். ஒரு சாண் நகர்ந்தது, மறுபடி புதைந்தது. கடைசியில் ஒட்டகப் பண்ணையிலிருந்து பிக்கப் வண்டியோடு ஒரு பட்டாணியர் வந்தார். "பாய், இதர் கோயி ரோடு நஹீ," என்று பெருமூச்சுவிட்டு, இங்கே ரோடே இல்லையென்று கையாலும் காட்டி, முன்னால் கயிறு கட்டி இழுத்தார். வண்டி வெளியே வந்தது. வண்டிக்கு முன்னாலேயே பம்பரும் வந்தது.

மணிமாறன் பம்பரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். லோன் போட்டு வாங்கிய வண்டி. அவன் உதடு துடித்தது. தெற்கே வானத்தில் மேகத்தின் வெள்ளைத் தலை ஏற்கனவே தெரிந்தது. தயாபரன் அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு மணிமாறனிடம் போய்ப் பம்பரை வாங்கி மணலில் வைத்தான்.

"தண்ணியைக் குடி முதல். நாளைக்கு எங்கட பட்டறையிலை நானே நிண்டு வெல்ட் பண்ணித் தாறன். இப்ப கட்டிக்கொண்டு போவம்."

"மழை போயிரும்டா."

"போகட்டும். நீ தண்ணி குடி."

தன் பெல்ட்டைக் கழற்றி ஒரு பக்கம் கட்டினான். இன்னொரு பக்கத்துக்குப் பட்டாணியர் ஒட்டகக் கயிறு கொடுத்தார். அதற்குப் பிறகு தயாபரன் அன்று முழுவதும் ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. ஒரு வானிலைக் கம்பெனிக்காரர் முன்னால் அப்படி நடப்பது எவ்வளவு கேவலம் என்று அவனுக்குத் தெரியாமலில்லை.

காற்று இறங்கிய டயரோடு நெடுஞ்சாலையில் ஓட முடியாது. ஊர்ந்து ஊர்ந்து ஒரு பெட்ரோல் பங்குக்கு வந்தார்கள். காற்று பிடிக்க வரிசை. முன்னால் நின்ற காரில் யாரோ ஒருவர் தேநீர் சிந்திவிட்டதற்காக மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார். என்ன மொழி என்று தெரியவில்லை. மொழி தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அந்தப் பெண் டிஷ்யூ தாளால் சீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

அரியரத்தினம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தயாபரன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து நிழலில் போட்டான்.

"இருங்கோ ஐயா. ஏதாவது குடிக்கிறியளோ? இங்கை டாய்லெட்டும் இருக்கு, போறதெண்டால் போட்டு வாங்கோ."

"வேண்டாம் தம்பி. இப்ப ஒண்டும் வேண்டாம்."

காற்றுப் பிடித்து மறுபடி ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள்.

"மணி, மெல்லமாப் போ," என்றான் தயாபரன். குரல் மாறியிருந்தது.

தென்மேற்கே அது நின்றது. அவன் படங்களில் மட்டுமே பார்த்தது. அடிமுதல் உச்சிவரை ஒரே உடம்பாக, செதுக்கிய தூண்போல எழுந்து, உச்சியில் ஒரு பெரிய கல்லுப் பலகைபோல விரிந்திருந்தது. விளிம்புகளில் வரிவரியாக வளையங்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தால்தான் தெரியும், அந்த வளையங்கள் நகர்ந்தன. முழுத் தூணும் மெதுவாகத் தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் இருட்டு, இருட்டுக்குள் மின்னல் ஓசையில்லாமல் எரிந்து அணைந்தது.

தயாபரனுக்குக் கேமராவை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஐயா, அதுதான்," என்றான். "அதுதான் அது."

"வடிவா இருக்கு," என்றார் அரியரத்தினம், மெய்யாகவே.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போனால், அது எங்களுக்கு முன்னாலை ரோட்டைக் கடக்கும். நாங்கள் இந்தப் பக்கம் பத்திரமா நிண்டு முழுசாப் பாக்கலாம். மணி, இப்ப விடு!"

மணிமாறன் விட்டான். வண்டி பறந்தது. பெல்ட்டில் தொங்கிய பம்பர் தாளம் போட்டது. தூண் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அப்போது அரியரத்தினம் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. எனக்குச் சலம் போகவேணும்."

மணிமாறன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

"சார், இப்பத்தானே பங்குல நின்னோம்?" என்றான் மணிமாறன் பரிதாபமாக.

"அப்ப வரேல்லை. இப்ப வருது. எனக்குச் சீனி வருத்தம், அடக்க ஏலாது."

"ரோட்டோரமா ஒதுங்கிக்கிறீங்களா சார்? நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிறோம்."

அரியரத்தினம் வெளியே பார்த்தார். ஒரு செடி இல்லை, ஒரு சுவர் இல்லை. லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காது மடல்கள் சிவந்தன. குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தயாபரன் மேகத்தைப் பார்த்தான். இந்த மனிதர் பார்க்க வந்ததே இந்த மேகத்தைத்தான். அதைக் காட்டினால் வேலை கிடைக்கும். திரும்பினால் மேகமும் போகும், வேலையும் போகும். இதெல்லாம் ஒரு கணத்தில் அவனுக்குள் ஓடியது. இன்னொன்றும் ஓடியது: அந்தக் காதுகள்.

"மணி, அடுத்த யூ-டேர்னிலை திருப்பு."

"தயா..."

"திருப்படா. மனிசன் அந்தரப்படுறார்."

மணிமாறன் திருப்பினான். பின்கண்ணாடியில் அந்தப் பெரிய தூண் சிறிதாகிக்கொண்டே போனதை தயாபரன் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தான். யாரையோ விமானநிலையத்தில் வழியனுப்பிவிட்டு வருவதுபோல இருந்தது.

பங்கின் கழிவறையிலிருந்து அரியரத்தினம் வெளியே வந்து கைகளைத் துடைத்தபோது, மேகத்திலிருந்து புறப்பட்ட காற்று அவர்களைத் துரத்திக்கொண்டு பங்குக்கே வந்துவிட்டது. தெற்கு முழுவதும் பழுப்புச் சுவராக எழுந்து வந்து எல்லாவற்றையும் மூடியது. மேகமும் தெரியவில்லை, ரோடும் தெரியவில்லை. வண்டிக்குள் மூவரும் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு இருமினார்கள்.

அந்தத் தூசிக்குள் மழையும் பெய்தது. எண்ணிவிடலாம்போல ஒருசில துளிகள். ஒவ்வொரு துளியும் ஒரு பிடி மண்ணோடு வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

"வைப்பரைப் போடு," என்றான் தயாபரன்.

வேன் வைப்பர் கம்பீரமாக எழுந்து, சேற்றைக் கண்ணாடி முழுவதும் ஒரே சீராகப் பூசியது. இரண்டாவது வீச்சில் அது கழன்று, தூசிக்குள் பறந்து மறைந்தது.

தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் மணலிலேயே காலியாகியிருந்தன. பங்கின் குழாயிலும் இப்போது தண்ணீர் வரவில்லை. மணிமாறன் தன் பிளாஸ்க்கைத் திறந்து பால் டீயை ஊற்றித் துடைத்தான். சேறு போய், அதன் இடத்தில் ஒரு பாலாடை படிந்தது. சர்க்கரையின் பிசுக்கில் தூசி இன்னும் ஆசையாக வந்து ஒட்டியது.

அரியரத்தினம் தன் பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்க்கை எடுத்து நீட்டினார்.

"இது பிளேன் டீ. சீனி போடாதது."

அது கண்ணாடியைத் துடைத்தது. அன்று சரியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

தூசி அடங்கியதும் மறுபடி புறப்பட்டார்கள். கஸ்னாவைத் தாண்டியதும் போலீஸ் வண்டி ஒன்று விளக்குகளைச் சுழலவிட்டு ரோட்டை மறித்து நின்றது. இளம் அதிகாரி குனிந்து உள்ளே பார்த்தார். பெல்ட் கட்டிய பம்பரையும், டீ வழிந்த கண்ணாடியையும், குடையோடு இருந்த பெரியவரையும் வரிசையாகப் பார்த்தார்.

"முன்னால் தண்ணீர் ஓடுகிறது. போகக்கூடாது," என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார். "எங்கே போகிறீர்கள்?"

"மழை பார்க்க," என்றான் தயாபரன்.

"மழையா? கலாஸ்," என்று அதிகாரி கைகளைத் தட்டிக் காட்டினார். "இங்கே முடிந்துவிட்டது. யல்லா, வீட்டுக்குப் போங்கள்."

திரும்பும் வழியில் கலீலுர் ரஹ்மான் போன் பண்ணினார். மணிமாறன் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, எங்க இருக்கீங்க? இங்க முசஃபாவுல ஆலங்கட்டி மழை! நெல்லிக்கா தண்டி! பயலுவ பக்கெட்டுல அள்ளுறானுவ! ஒங்க தயாகிட்ட குடுங்க, கேக்கட்டும்!"

ஸ்பீக்கர் வழியாகத் தகரக் கூரையில் கல் விழும் ஓசை கேட்டது. பல குரல்கள் பல மொழிகளில் கத்திச் சிரித்தன. தயாபரன் அதைக் கடைசிவரை கேட்டான்.

மணிமாறனுக்கு அழுகை வந்துவிட்டது. "காலையில அங்கயே உக்காந்திருந்தாக்கூடப் பாத்திருக்கலாமேடா."

"பரவாயில்லை. அவையளாவது பாத்தினம்," என்றான் தயாபரன். கொஞ்ச நேரம் கழித்து, "வடிவா இருந்திருக்கும்," என்றான்.

அரியரத்தினம் திரும்பி, முதல் முறையாக அவனை முழுதாகப் பார்த்தார்.

முசஃபாவுக்கு அவர்கள் வந்தபோது தெருவெல்லாம் ஈரம், வானம் கழுவிவிட்டதுபோல. ஒரு கல்கூட மிச்சமில்லை. கலீலுர் ரஹ்மான் கராஜ் வாசலில் குற்றவாளிபோல நின்றார்.

"ஒங்களுக்குன்னு ஒரு நல்ல கல்லா எடுத்துப் பக்கத்துக் கடை ஃப்ரீசர்ல வெச்சேன் தம்பி. மழையில கரண்டு டிரிப் ஆயிருச்சு." கையிலிருந்த டம்ளரை நீட்டினார். அதில் ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது. "இதான் அது."

தயாபரன் டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கிப் பார்த்தான். "தாங்ஸ் நானா," என்றான். அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கலீலுர் ரஹ்மானை இன்னும் வருத்தப்பட வைத்தது.

ஷாபியாவில் அரியரத்தினத்தின் கட்டடத்துக்கு முன்னால் வண்டி நின்றபோது மசூதியில் மாலை மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. தயாபரன் இறங்கி, ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவைத் திறந்துவிட்டான்.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றான். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள், வெளியே வரும்போது பாதி தொலைந்திருந்தன. "ஒரு நாளை வீணாக்கிப்போட்டன். ஒண்டும் காட்டேல்லை. உங்களுக்கு எவ்வளவு கஷ்டம். நீங்கள் என்னைப் பற்றி எப்பிடி எழுதினாலும் எனக்கு மனவருத்தம் இல்லை."

"எங்க எழுதுறது?"

"கம்பெனிக்கு."

அரியரத்தினம் குடையை ஊன்றி நின்றார். "எந்தக் கம்பெனி, தம்பி?"

மணிமாறன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். "வானிலைக் கம்பெனி சார். துபாய். நீங்க அங்கேர்ந்துதான..."

"நான் பருத்தித்துறையிலை தபால் கந்தோரிலை இருந்தனான். பென்சன் எடுத்து இப்ப கனகாலம்." அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்கட அம்மாவோட போன கிழமை கதைச்சு, அவ சொல்லித்தானே தம்பி உங்கட நம்பர் எடுத்தனான்? அவ உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

அம்மா சொல்லியிருப்பாள். நீளநீளமாகக் குரல் செய்திகள் வந்திருந்தன. மேகம் வருகிற வாரம் என்று தயாபரன் ஒன்றையும் திறந்து கேட்கவில்லை. அவனுக்கு மெதுவாக ஏதோ புரிவதுபோலவும், புரியக்கூடாதுபோலவும் இருந்தது. காற்சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கட்டடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். மருந்துக்கடை வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவள்போல, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தாள். தகப்பனின் சட்டையில் படிந்த தூசியையும், கயிறு கட்டிய பம்பரையும், டீக்கறைக் கண்ணாடியையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குடையைக் கையிலிருந்து வாங்கினாள்.

"என்னப்பா, மேகம் பாத்தனீங்களோ?"

"ஒருக்கா கண்ணிலை காட்டினவை, தர்மிகா. பிறகு எனக்காகத் திரும்பிவிட்டினம்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "ஆனால் நீ கேட்டதைப் பாத்திட்டன். காலமை தொடங்கி இப்ப மட்டும் பாத்தனான். ஒருக்காக்கூட இல்லை."

"ஒருக்காவும்?"

"ஒருக்காவும் குரல் உயரேல்லை."

தயாபரன் அவரையும் அவளையும் பார்த்தான். "என்ன கேட்டனீங்கள்?" என்றான். "வந்தவருக்கு நான் ஒண்டுமே காட்டேல்லை. இண்டைக்கு ஒரு கெட்ட நாள்."

தர்மிகா அவனை நேராகப் பார்த்தாள்.

"அக்காவின்ர மாப்பிள்ளையை அப்பா ஒரு நல்ல நாளிலை போய்ப் பாத்துத்தான் ஓமெண்டவர், அக்கா இப்ப திரும்பி எங்கட வீட்டிலை இருக்கிறா; அதாலைதான் உங்களை ஒரு கெட்ட நாளிலை பாத்துக்கொண்டு வாங்கோ எண்டு நான் அனுப்பினனான்."